வெளியிணைப்பு இயந்திரங்களில் தானியங்கி எண்ணெய் ஊட்டல்: வி.ஆர்.ஓ. பம்பும் அதன் கோளாறுகளும்

வெளியிணைப்பு இயந்திரம் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் மோட்டார் ஆகும். பேச்சுவழக்கில் இது அவுட்போர்டு மோட்டார் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் விற்கப்பட்ட இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை இரு வீச்சுப் பொறிகள். அவற்றுக்கு வேண்டிய மசகு எண்ணெயைப் பெட்ரோலில் கையால் கலந்து ஊற்றுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1980களில் அந்த வேலையைத் தானாக இயங்கும் பம்புகள் ஏற்றன. அமெரிக்காவின் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேசன், சுருக்கமாக ஓ.எம்.சி., 1984ஆம் ஆண்டு மாதிரிகளில் அறிமுகப்படுத்திய வி.ஆர்.ஓ. பம்பு இவற்றுள் மிகுதியாகப் பேசப்பட்டது. மிகுதியாகப் பழிக்கப்பட்டதும் அதுவே. அந்தப் பழியில் எவ்வளவு உண்மை என்பது இன்றும் பழைய படகு வாங்குவோர் கேட்கும் கேள்வி.

முன்கலப்புக் காலம்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்த ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909இல் தம் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். அவருக்கு முன்பே டெட்ராய்ட் நகரின் கேமரன் வாட்டர்மேன் இத்தகைய மோட்டாரை விற்றிருந்தார். ஆனால் தொழிலாக நிலைபெற்றது எவின்ரூட்டின் முயற்சியே. 1930களில் எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. பின்னாளில் ஓ.எம்.சி. எனப் பெயர் மாறியது அந்த நிறுவனம்தான். அதன் நீண்டகாலப் போட்டியாளரான மெர்க்குரியை, அதே விஸ்கான்சினில் கார்ல் கீக்காஃபர் 1939இல் தொடங்கினார்.

இரு வீச்சுப் பொறியில் நான்கு வீச்சுப் பொறியைப் போல அடியில் எண்ணெய்த் தேக்கம் கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்தே சிலிண்டருக்குச் செல்கின்றன. ஆகவே கிராங்க் அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க வழியில்லை. பெட்ரோலுடன் கலந்து வரும் எண்ணெய்த் துளிகள் பேரிங்குகளிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. எஞ்சியது எரிந்து புகையாக வெளியேறுகிறது. தமிழ்நாட்டில் மொபெட் ஓட்டியவர்கள் பெட்ரோல் பங்க்கில் 2டி ஆயில் ஊற்றச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

தொடக்ககால மோட்டார்களுக்கு 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் தேவைப்பட்டது. 1950களில் ஓ.எம்.சி. இயந்திரங்களில் இது 24:1 ஆகவும், 1964 முதல் 50:1 ஆகவும் குறைந்தது. லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 62 மில்லிலிட்டராக இருந்த எண்ணெய் 20 மில்லிலிட்டருக்கு வந்தது. ஊசி பேரிங்குகளும் சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட எண்ணெய்களும் இதற்கு உதவின. 1980களின் நடுவில் ஓ.எம்.சி. இன்னும் துணிந்து 100:1 விகிதத்தைப் பரிந்துரைத்தது. அது நீடிக்கவில்லை, சில ஆண்டுகளுக்குள் பரிந்துரை மீண்டும் 50:1க்குத் திரும்பியது.

முன்கலப்பு எளிய முறை. அதன் குறையும் எளிதில் தெரிவதே. தொட்டியில் கலந்த விகிதம் மெதுவாக ஓடும்போதும் மாறாது, முழு வேகத்திலும் மாறாது. முழு வேகத்துக்குத் தேவையான எண்ணெய், மீன்பிடிக்க மெல்ல நகரும்போது மிகையாகி, புகையைக் கிளப்பி ஸ்பார்க் பிளக்கைக் கரியாக்கும். எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டால் பொறி சிறிது நேரத்தில் இறுகிவிடும். படகுத்துறை பங்க்கில் எத்தனை கேலன் நிரம்பும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்ததும் வாடிக்கையாளர்களுக்குத் தொல்லையாக இருந்தது.

சாலையில் கிடைத்த முதல் பாடம்

எண்ணெயைத் தனித் தொட்டியிலிருந்து பம்பால் ஊட்டும் முறை படகுகளுக்கு முன்பே சாலை வண்டிகளில் சோதிக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம், டி.கே.டபிள்யூ. இரு வீச்சுக் கார்களில் 1961இல் லூப்ரிமாட் என்ற எண்ணெய்ப் பம்பைப் பொருத்தியது. 1962–63 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையாக இருந்தது. குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் மெல்லிய குழாய்களில் போதிய அளவு ஓடவில்லை. ஏராளமான பொறிகள் இறுகின. நிறுவனத்துக்கு உத்தரவாதச் செலவு ஏறியது. இரு வீச்சுக் கார்களின் பெயரும் கெட்டது. பிற்காலத்தில் படகு மோட்டார்களில் தோன்றிய குறைகள் பலவற்றுக்கு இது முன்மாதிரி எனலாம்: பம்பு சரியாக இருந்தும் எண்ணெய் போய்ச் சேரவில்லை, அதை ஓட்டுநர் அறியவும் வழியில்லை.

ஜப்பானில் நிலைமை வேறாக இருந்தது. யமஹா 1964இல் ஒய்.ஏ.6 மோட்டார்சைக்கிளில் ஆட்டோலூப் முறையை அறிமுகப்படுத்தியது. கிராங்க் தண்டால் சுழலும் சிறு பம்பு, த்ராட்டில் கம்பியோடு இணைக்கப்பட்டு, வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப எண்ணெய் அளவை மாற்றியது. இது நம்பகமானதென நிலைபெற்றது. இந்தியாவில் 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100இல் தனி எண்ணெய்த் தொட்டி இருந்ததை நினைவில் வைத்திருப்போர் பலர். அது இதே முறைதான். ஜப்பானிய நிறுவனங்கள் 1980களின் முற்பகுதியில் இந்த அனுபவத்தைப் படகு மோட்டார்களுக்கும் கொண்டுசென்றன.

வி.ஆர்.ஓ. இயங்கிய விதம்

வி.ஆர்.ஓ. என்பது வேரியபிள் ரேஷியோ ஆயிலிங், அதாவது மாறும் விகிதத்தில் எண்ணெய் ஊட்டல் என்பதன் சுருக்கம். ஜான்சன், எவின்ரூட் பெயர்களில் விற்கப்பட்ட பெரிய மோட்டார்களில் இது வந்தது. மெதுவாக ஓடும்போது சுமார் 150:1, முழுச் சுமையில் 50:1 என விகிதத்தை மாற்றுவதாக நிறுவனம் கூறியது.

ஜப்பானியப் பம்புகளைப் போல இதற்குப் பற்சக்கரமோ த்ராட்டில் இணைப்போ இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையின் அழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பே பம்பை இயக்கியது. ஒரே உடலுக்குள் பெட்ரோலை இழுக்கும் பகுதியும் எண்ணெயை இழுக்கும் பகுதியும் இருந்தன. இரண்டும் பம்பிலிருந்து வெளியேறும் இடத்தில் கலந்து கார்புரேட்டர்களுக்குச் சென்றன. படகில் வைக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டியிலிருந்து ஒரு குழாய் பம்புக்கு வந்தது.

பெட்ரோல் பம்பும் எண்ணெய்ப் பம்பும் ஒன்றே என்பது சிக்கனமான வடிவமைப்பு. சிக்கலும் அங்கேயே இருந்தது. பெட்ரோல் குழாயில் அடைப்போ காற்றுக் கசிவோ இருந்தால் எண்ணெயின் விகிதமும் பிசகும். பெட்ரோல் இழுக்கக் கடினமாகும்போது எண்ணெய் மிகுந்து புகை கக்கும். பொறி பின்னோக்கி வெடித்தால் அந்த அதிர்ச்சி துடிப்புக் குழாய் வழியாகப் பம்புக்குள்ளும் பாயும். எண்ணெய்க் குழாய் இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். எண்ணெய் வெளியே சொட்டாது, ஏனெனில் அது உறிஞ்சப்படும் பக்கம். தரை காய்ந்திருப்பதைப் பார்த்துக் கசிவில்லை என்று முடிவுசெய்தவர்கள் இதனால்தான் ஏமாந்தார்கள். திருகி இறுக்கும் சாதாரணக் கிளாம்புகள் மெல்லிய குழாயை ஒரே சீராகப் பற்றுவதில்லை என்பதால், சுற்றிலும் சமமாக நெரிக்கும் தனிவகைக் கிளாம்புகளையே நிறுவனம் கேட்டது. பட்டறைகளில் இந்தச் சிறு விவரம் அடிக்கடி புறக்கணிக்கப்பட்டது.

எச்சரிக்கை மணியின் குறை

முதல் ஆண்டுகளின் வி.ஆர்.ஓ.வில் எச்சரிக்கை ஒலி தொட்டியின் எண்ணெய் மட்டத்தை மட்டுமே கவனித்தது. மட்டம் குறைந்தால் விட்டுவிட்டு ஒலித்தது. பொறி மிகையாகச் சூடேறினால் தொடர்ந்து ஒலித்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்து, அது பம்புக்கு வராமலே போனால் எந்த ஒலியும் எழாது. ஓட்டுநருக்குத் தெரிந்த முதல் அறிகுறி, பல வேளைகளில், பொறி நின்றுபோவதாகவே இருந்தது. கரையிலிருந்து தொலைவில் ஒற்றை மோட்டாருடன் இருப்பவருக்கு இது பணச்செலவோடு முடியும் விசயமல்ல.

நிறுவனம் பின்னர் பம்பைத் திருத்தியது. எண்ணெய் உண்மையில் நகர்கிறதா என்று உணரும் அமைப்பு பம்பிலேயே சேர்க்கப்பட்டது. பம்பிலிருந்து வரும் மின்கம்பிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பழையதையும் புதியதையும் பிரித்தறிவது இதனால் ஏற்பட்ட வழக்கம். 1990களில் வி.ஆர்.ஓ. என்ற பெயரே கைவிடப்பட்டு ஓ.எம்.எஸ்., அதாவது எண்ணெய் அளவீட்டு முறை, என்ற பெயர் வந்தது. பம்பு மேம்பட்டிருந்தாலும் பழைய பெயரின் கறை அவ்வளவு எளிதில் போகவில்லை.

பழியும் ஆய்வும்

1980களின் பிற்பகுதியில் இறுகிய ஜான்சன், எவின்ரூட் பொறி ஒவ்வொன்றுக்கும் வி.ஆர்.ஓ.வே காரணம் என்ற பேச்சு பரவியது. எண்ணெய்க் குழாயைக் கழற்றி, வாயை அடைத்து, பழையபடி 50:1 முன்கலப்புக்குத் திரும்பியவர்கள் பலர். பம்பின் பெட்ரோல் பகுதி மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. விற்பனைக்கு வரும் பழைய படகுகளில் வி.ஆர்.ஓ. கழற்றப்பட்டது என்பதை ஒரு சிறப்பாகவே குறிப்பிடும் நிலை உருவானது.

அனுபவமிக்க பழுதுபார்ப்போர் இந்தப் பேச்சை முழுதாக ஏற்கவில்லை. அவர்களின் வாதம் உடைந்த பொறியின் உள்ளேயே இருந்தது. வி.ஆர்.ஓ.வில் எண்ணெய் பெட்ரோலுடன் கலந்த பிறகே எல்லாக் கார்புரேட்டர்களுக்கும் பிரிகிறது. எனவே பம்பு எண்ணெய் தராவிட்டால் எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல வறண்டு, எல்லாப் பிஸ்டன்களிலும் கீறலும் எல்லாப் பேரிங்குகளிலும் வெப்பநிறமும் தெரிய வேண்டும். ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் உருகியோ கீறியோ இருந்து மற்றவை எண்ணெய்ப் பளபளப்புடன் இருந்தால், குற்றவாளி வேறு: அந்தச் சிலிண்டருக்கான கார்புரேட்டரின் சிறுதுளை பழைய பெட்ரோலின் பிசினால் அடைபட்டு எரிபொருள் குறைந்திருக்கும், அல்லது குளிர்விக்கும் நீர் அங்கே சேராமல் இருந்திருக்கும். இப்படிப் பார்த்தபோது, பம்பின்மேல் சுமத்தப்பட்ட பல வழக்குகள் உண்மையில் எரிபொருள் பற்றாக்குறையாக இருந்தன. பம்பு குற்றமற்றதென்று இதற்குப் பொருளில்லை. எண்ணெயே வராமல் வறண்ட பொறிகளும் இருந்தன.

பொறி உடைவதற்கு முன்பே பம்பைச் சோதிக்கும் ஒரு வழியும் நிலைபெற்றது. அது நிறுவனத்தின் பரிந்துரையிலிருந்தே கிளைத்தது. புதிய பொறியை முதலில் ஓட்டிப் பழக்கும்போது, பம்பு எண்ணெய் தருவதோடு தொட்டிப் பெட்ரோலிலும் 50:1 கலக்க வேண்டும் என்று ஓ.எம்.சி. சொல்லியிருந்தது. பழுதுபார்ப்போர் அதையே சோதனைக்குப் பயன்படுத்தினர். பெட்ரோலில் 50:1 கலந்துவிட்டால் பம்பு தோற்றாலும் பொறிக்குக் கேடில்லை. எண்ணெய்த் தொட்டியின் வெளியே மட்டத்துக்கு நேராக ஒரு நாடாத்துண்டை ஒட்டிவிட்டு ஓட்ட வேண்டும். வேகமாக ஓடி 50 லிட்டர் பெட்ரோல் செலவானால் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் இறங்கியிருக்க வேண்டும். மெதுவாகவே ஓடியிருந்தால் அதில் பாதிகூடச் சரியே, ஏனெனில் விகிதம் மாறுவதுதான் இந்த முறையின் நோக்கம். மட்டம் அசையவே இல்லையென்றால் குழாய், இணைப்பு, தொட்டியின் அடிவலை, பம்பு என்ற வரிசையில் தேட வேண்டும். மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கிப் போகும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலிலேயே பம்பை மாற்றியவர்கள் புதுப் பம்பிலும் அதே கோளாற்றைக் கண்டனர்.

எச்சரிக்கை ஒலியையும் நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பி, பொறியின் வெப்ப உணரிக் கம்பியை எஞ்சினின் உலோகத்தில் தொட்டால் ஒலி வர வேண்டும். வராவிட்டால் ஒலிப்பானோ கம்பியோ பழுது. சாவி போட்டதும் எழும் சத்தம் பிடிக்காமல் ஒலிப்பானையே கழற்றிவைத்த படகுகளும் இருந்தன.

மெர்க்குரி, யமஹா

மெர்க்குரி தன் வி6 பொறிகளில் கிராங்க் தண்டால் சுழலும் பம்பைத் தேர்ந்தது. படகிலுள்ள பெரிய தொட்டியிலிருந்து, பொறியின்மேல் உள்ள சிறு தொட்டிக்கு எண்ணெயைத் தள்ள கிராங்க் அறை அழுத்தமே பயன்பட்டது. பெரிய தொட்டியின் மூடி சரியாக இறுகாவிட்டால் அழுத்தம் கசிந்து எண்ணெய் மேலே ஏறாது. எனவே பெரிய தொட்டி நிறைந்திருக்கச் சிறு தொட்டி வற்றி எச்சரிக்கை எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் ரப்பர் வளையம்தான். பம்பைச் சுழற்றும் நெகிழிப் பற்சக்கரம் பல் உதிர்வது இம்முறையின் மற்றொரு பெயர்பெற்ற குறை. பம்பின் தண்டு சுழல்கிறதா என்று உணரும் காந்த உணரி இருந்ததால் அது சத்தமின்றி நிகழவில்லை.

யமஹாவின் பெரிய மோட்டார்களிலும் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்கு எண்ணெயை ஏற்றியது மின்பம்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் மட்டத்தைக் காட்டின. சிவப்பு எரிந்தால் பொறியின் வேகம் தானாகக் குறைந்தது. மின்பம்பைக் கையால் இயக்க ஓர் அவசர விசையும் உண்டு. எண்ணெய் தனித்தனி மெல்லிய குழாய்களில் உள்ளிழுப்புப் பகுதிக்குச் சென்றதால், ஓ.எம்.சி. பொறிக்குச் சொன்ன தடயவிதி இங்கே அப்படியே பொருந்தாது. ஒரு குழாய் மட்டும் அடைபட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் வறளக்கூடும்.

எந்த நிறுவனத்தின் முறையாயினும், தொட்டி ஒருமுறை வற்றிக் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் நிரப்பினால் மட்டும் போதாது. காற்றை வெளியேற்றிய பிறகே பம்பை நம்பலாம்.

எண்ணெயின் தரம்

சில கோளாறுகள் பம்பில் இல்லை, எண்ணெயில் இருந்தன. வெவ்வேறு சேர்மானங்கள் கொண்ட எண்ணெய்களைக் கலந்தபோது அவை கூழாகக் கெட்டிப்பட்டு வலையையும் குழாயையும் அடைத்தன. நீரால் குளிர்விக்கப்படும் இரு வீச்சுப் பொறிகளுக்கான டி.சி.-டபிள்யூ. தரச்சான்று, 1990களின் தொடக்கத்தில் டி.சி.-டபிள்யூ.3 வரை திருத்தப்பட்டது. எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்குமா, குளிரில் ஓடுமா என்ற சோதனைகளும் இத்தரத்தில் இடம்பெற்றன. காற்றால் குளிரும் மோட்டார்சைக்கிளுக்கான எண்ணெய் இதற்கு மாற்றாகாது.

கலந்து ஊற்ற முடியாத பொறிகள்

கார்புரேட்டர் கொண்ட இரு வீச்சுப் பொறியில் எரிபொருளின் கால் பங்குவரை எரியாமலே வெளியேறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் படகு மோட்டார்களுக்கான உமிழ்வு விதிகளை வெளியிட்டது. ஓ.எம்.சி. ஜெர்மானியத் தொழில்நுட்பமான ஃபிக்ட் முறையையும், மெர்க்குரி ஆஸ்திரேலிய ஆர்பிட்டல் நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்ட ஆப்டிமாக்ஸையும் கொண்டுவந்தன. இவற்றில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. கிராங்க் அறை வழியாக அது போகவே இல்லை.

இதன் விளைவு முக்கியமானது. தொட்டியில் எண்ணெய் கலந்தாலும் அது கிராங்க் அறையின் பேரிங்குகளை எட்டாது. எண்ணெய்ப் பம்பு தோற்றால் மாற்றுவழி இல்லை. நம்பிக்கையில்லாதவர் குழாயைக் கழற்றி முன்கலப்புக்குத் திரும்பும் உரிமை இந்தப் பொறிகளோடு முடிந்தது. பம்பைக் கணினி இயக்கி, கண்காணித்து, குறை கண்டால் வேகத்தைக் குறைத்தது.

ஃபிக்ட் பொறிகள் 1990களின் இறுதியில் அடுக்கடுக்காகப் பழுதாயின. ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூட், ஜான்சன் பெயர்களை 2001இல் கனடாவின் பொம்பார்டியர் வாங்கி, 2003இல் இ-டெக் என்ற மேம்பட்ட இரு வீச்சு வரிசையை வெளியிட்டது. அதற்குள் சந்தை நான்கு வீச்சுப் பொறிகளின் பக்கம் சாய்ந்திருந்தது. 2020 மே மாதத்தில் எவின்ரூட் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

உழைக்கும் படகுகளில்

மீன்பிடிப் படகுகளின் வழி வேறு. யமஹா தன் என்டியூரோ வரிசையை உழைக்கும் படகுகளுக்கென்று, முன்கலப்பு முறையிலேயே தயாரித்தது. உதிரிப்பாகமும் பட்டறையும் தொலைவில் இருக்கும் கரைகளில், பழுதாகக்கூடிய ஒரு பம்பு இல்லாமலிருப்பதே அங்கே சிறப்பாகக் கருதப்பட்டது. கேரளத்திலும் இலங்கையின் வடக்கிலும் சிறுபடகு மீனவர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் இரு வீச்சு மோட்டார்களையும் பயன்படுத்துகின்றனர். 2022இல் இலங்கையில் ஏற்பட்ட மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு அவர்களைக் கரையில் நிறுத்தியது. இந்த மோட்டார்களில் எண்ணெயின் அளவைத் தீர்மானிப்பது இன்றும் கேனின் பக்கத்தில் போட்ட கோடும், கலப்பவரின் கையும்தான்.